அன்புவழிபுரத்துப் பழைய பொருள் கடை: எதை எடுப்பார்கள், எதைத் திருப்பித் தருவார்கள்

திருகோணமலையில் வீட்டுக் கழிவைத் தரம் பிரித்து வைத்திருப்பவர்கள் அதை எங்கே கொடுப்பது என்று கேட்டால், அன்புவழிபுரப் பக்கத்தில் பழைய பொருள் வாங்கும் சிறிய கடை ஒன்றையே நான் சொல்வேன். அங்கே விலை கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக அன்று. தராசில் ஏற்றுமுன் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, எடுக்க முடியாத பொருளை ஏன் எடுக்க முடியாது என்று கடைக்காரர் பொறுமையாக விளக்குவதே காரணம்.

கேள்விகள் அதிகம் எழுவது பிளாஸ்டிக்கில்தான். தண்ணீர்ப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண்ணும், ஷாம்புப் போத்தலில் பெரும்பாலும் 2 என்ற எண்ணும் இருக்கும்; இவ்விரண்டும் வேறு வேறு வெப்பநிலையில் உருகுவதால் கலந்து கொடுத்தால் தரம் கெட்டுவிடும். தண்ணீர்ப் போத்தலின் மூடி இன்னொரு வகைப் பிளாஸ்டிக். அரைத்து நீரில் இட்டால் போத்தல் துகள் அமிழும், மூடித் துகள் மிதக்கும் என்பதால் ஆலையில் அவற்றைப் பிரித்தெடுக்கலாம். ஆனாலும் மூடிய போத்தலுக்குள் காற்று அடைபட்டு, நசுக்கிக் கட்ட முடியாது என்பதால் இக்கடையில் கழற்றியே தரச் சொல்கிறார்கள். 6 என்ற எண் பொறித்த யோகட் கப்பை அவர்கள் வாங்குவதில்லை. எடை குறைவு, வாங்குவாரும் இல்லை. பால்மாப் பைக்கற்றையும் திருப்பித் தருகிறார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டப்பட்ட அந்த உறையைப் பிரிப்பது எளிதன்று. நம் வீடுகளில் நாள்தோறும் சேருவது அதுதான் என்பதால் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வீசி எறியும் பொலித்தீனைக் கோட்டைப் பகுதியில் திரியும் புள்ளிமான்கள் தின்பதை இவ்வூரில் பார்க்காதவர் இல்லை.

கடதாசியில் விதி எளிது: எண்ணெய் பட்டது ஆகாது. கூழாக்கும்போது நார் நீரில் ஊறிப் பிரியும், எண்ணெய் நாரை விட்டுப் பிரியாது. ஆகவே வடை சுற்றிய தாளைக் காட்போட் மட்டையோடு சேர்க்க வேண்டாம். கடைகளில் தரும் பளபளப்பான பற்றுச்சீட்டிலும் இரசாயனப் பூச்சு உண்டு, அதையும் விலக்கிவிடுங்கள். உலோகத்தில் தயக்கமே வேண்டாம். மீன் டின்னைக் கழுவிக் கொடுத்தாலே போதும், அலுமினியக் கேன்களுக்கோ நல்ல வரவேற்பு உண்டு. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே போதும்.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தராசின் முள் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருப்பதில்லை. நேர்மையாக நிறுப்பவர்கள் என்று நம்புகிறேன், எனினும் கேட்காமலே காட்டுவது முறை. கண்ணாடியில் உடையாத முழுப் போத்தல்களை எடுக்கிறார்கள். உடைந்த கண்ணாடி, யன்னல் கண்ணாடி, வெப்பம் தாங்கும் கண்ணாடிச் சமையல் பாத்திரம் ஆகியவற்றை எடுப்பதில்லை. பிந்திய இரண்டும் போத்தல் கண்ணாடியிலிருந்து கலவையில் வேறுபட்டவை என்பதால் அது நியாயமே. பற்றரிகளையும் பாதரசம் அடங்கிய குழல் விளக்குகளையும் அவர்கள் ஏற்பதில்லை. அவற்றை வீட்டிலேயே உடையாத பெட்டியில் தனியே சேர்த்து, உள்ளூராட்சி சபை மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளை விசாரித்துக் கொடுப்பதே சரி; குப்பை வண்டியில் கலந்து போடக்கூடாது.

கொண்டுபோகுமுன் எல்லாவற்றையும் கழுவி உலர்த்திவிடுங்கள். ஈரமான கடதாசிக்கு எடையைக் குறைத்தே கணக்கிடுகிறார்கள்.