ஒளி சுவிட்சில் கசிவு: இடத்தைக் கூட்டுவதா, முறை வைப்பதா?

கோவை, ஈரோடு பக்கம் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒளி சுவிட்ச் (ஒளி சிக்னலை வேண்டிய பாதைக்குத் திருப்புவது) எடுக்கும் பிள்ளைகளுக்கு, சின்னச் சின்ன 2×2 சுவிட்சுகளை அடுக்கடுக்காகக் கோத்த பெனஸ் அமைப்பைப் பிடிக்கும். 8×8-க்கு, அதாவது எட்டு உள்வழி, எட்டு வெளிவழிக்கு, 5 அடுக்கு, 20 சுவிட்ச்; சிக்கனம்தான். கிராஸ்டாக்கை, அதாவது ஒரு சிக்னல் இன்னொன்றில் கசிவதைக் கணக்குப் போடும்போதுதான் வயிற்றைக் கலக்கும். இந்தச் சுவிட்ச் ஒவ்வொன்றும் லித்தியம் நியோபேட் படிகத்தில் செய்த கப்ளர். அதற்குள் இரண்டு சிக்னல் ஒன்றாகப் போனால், ஒன்றில் கொஞ்சம் மற்றதன் பாதையில் கசியும். சுவிட்சுக்கு −20 டெசிபெல் என்றால் நூற்றில் ஒரு பங்கு. ஐந்து அடுக்கிலும் இப்படிச் சேர்ந்தால் நூற்றில் ஐந்து, அதாவது சுமார் −13 டெசிபெல். இரண்டும் ஒரே அலைநீளம் என்றால் வடிகட்டி வைத்தும் பிரிக்க முடியாது.

இதற்கு ஒரு வழி, 1987-ல் பத்மநாபனும் நேத்ராவளியும் முன்வைத்த விரித்த பெனஸ். எந்தச் சுவிட்சுக்குள்ளும் ஒரே நேரத்தில் ஒரு சிக்னல்தான். கசிந்தது காலிப் பாதையில் போய்விடும். இன்னொரு சிக்னலைத் தொட வேண்டுமானால் மறுபடியும் கசிய வேண்டும். நூற்றில் ஒன்று பத்தாயிரத்தில் ஒன்றாகிறது, −40 டெசிபெல். அடுக்கு 6 ஆகிறது, அது பரவாயில்லை. சுவிட்ச் 48 ஆகிறது, அதுதான் இடிக்கும்.

இன்னொன்று, நேரத்தைப் பிரிப்பது. கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஒரு போகம் ஒற்றைப்படை மதகு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகு. எந்த இணைப்புப் பட்டியலையும் இரண்டு பாதியாக்கி, ஒரே சுவிட்சில் இரண்டு சிக்னல் சந்திக்காதபடி இரண்டு தவணையில் அனுப்பிவிடலாம். பழைய 20 சுவிட்சே போதும். ஆனால் ஒரு பாதி போகும்போது மறு பாதி எங்கே காத்திருக்கும்? ஒளிக்கு அணை கட்ட முடியாதுங்க. ஃபைபரைச் சுருட்டிக் கொஞ்சம் தாமதிக்கலாம். இல்லையென்றால் விளிம்பிலேயே மின்னணு நினைவகத்தில் தேக்க வேண்டும். கொள்ளளவும் பாதியாகிவிடும்.

கப்ளருக்குப் பதில், குட்டிக் கண்ணாடியைத் திருப்பி ஒளியை வேறு பாதைக்கு அனுப்பும் நுண்கண்ணாடி சுவிட்ச் வைத்தால் கசிவு மிகக் குறைவு. ஆனால் கண்ணாடி திரும்ப மில்லிசெகண்ட் கணக்கில் ஆகும். லித்தியம் நியோபேட்டுக்கு நானோசெகண்டே போதும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் (தரவின் சிறு துண்டு) பாதை மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடி சரிப்படாது.

8×8 அளவுக்கு நான் விரித்த பெனஸைத்தான் சொல்வேன். 28 சுவிட்ச் கூடுவது, தேக்கிவைக்கும் வேலையைவிடச் சுலபம். 64×64 என்றால் 352 சுவிட்ச் 768 ஆகும். ஒவ்வொன்றுக்கும் மின்முனையும் கட்டுப்பாட்டுக் கம்பியும் வேண்டும். கொஞ்சம் தாமதத்தைப் பொறுக்கும் தரவு என்றால், அங்கே நான் முறை வைப்பதற்கு மாறிக்கொள்வேன்.