மண் நிரப்பிய தரையா, கம்பி கட்டிய தரையா?

என் புது வீட்டுத் தரையைக் கம்பி கட்டிக் கான்கிரீட்டில் போடலாமா என்ற பேச்சு வந்தபோது, "அண்ணே, தரைக்குப் போய் யாராவது கம்பி கட்டுவார்களா?" என்று கொத்தனார் கேட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பேஸ்மட்டத்துக்குள், அதாவது தரைக்குக் கீழே சுவர் சூழ்ந்த இடத்துக்குள், மண்ணைக் கொட்டி, மேலே ஜல்லிக் கலவை பரப்பி, டைல்ஸ் ஒட்டினால் தரை ஆயிற்று என்று பார்த்தே வளர்ந்தவன் நான். மேலூர்ப் பக்கம் என் மைத்துனர் வீட்டுத் தரை அப்படிப் போட்டதுதான். அங்கே செம்மண், கொஞ்சம் தோண்டினாலே பாறை. எட்டு வருடத்தில் ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை. நான் மனை வாங்கியதோ திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசலில்.

சித்திரையில் அந்த மனையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. ஐப்பசி மழைக்குப் பின் போனபோது வெடிப்பைக் காணோம். செருப்புத்தான் மண்ணோடு போயிற்று. நீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. சுவரின் பாரம் தாங்கும் இடத்தில் அந்த உப்பல் ஓரளவு அடங்கும். பாரமே இல்லாத தரையைத்தான் அது தூக்கும். சுவரில் கீறல் இல்லாமல் நடுக்கூடம் மட்டும் மேடாகிப்போன வீடுகள் எங்கள் பக்கம் உண்டு.

முதலில் மண் நிரப்பும் முறை. ஆயிரம் சதுர அடித் தரையை இரண்டரை அடிக்கு நிரப்ப 2,500 கன அடி, அதாவது 25 யூனிட் கிராவல் மண் வேண்டும். லாரியில் வருவது தளர்ந்த மண், இறுக்கினால் அமுங்கும். அதனால் 30 யூனிட்டுக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும். மண் செலவைவிடப் பொறுமைதான் இதில் பெரிய செலவு. அரை அடி அல்லது முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, ஈரம் காட்டி, திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவதுதான் ஊர் வழக்கம். மணலுக்கு அது ஓரளவு பலிக்கும். களி கலந்த மண்ணுக்குப் பலிக்காது. அடியில் கரிசல் இருந்தால் உப்புவதற்கு நாமே நீர் வார்த்தது போலாகும். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிய கரிசலையே உள்ளே தள்ளி மூடும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். கிராவல் காசு மிச்சமாகும். அந்தத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் தானே ஓடும்.

கம்பி கட்டிய தரை மண்ணை நம்புவதில்லை. சுவர்களுக்கு அடியில் தரை மட்டத்தில் ஓடும் கான்கிரீட் விட்டங்களான பிளின்த் பீம்களின் மேல், கூரைக்குப் போடுவது போலவே ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். அதற்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம். மண் உப்பினால் அந்த இடத்துக்குள் உப்பிவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் இதைக் கேட்டு வியக்கவே இல்லை. அங்கே அடித்தளச் சுவரின் தலையில் மரச்சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கி, 16 அங்குலத்துக்கு ஒன்றாக மர விட்டங்களை அடுக்கி, மேலே ஒட்டுப்பலகை அடித்துத் தரை ஆக்குவது சாதாரணமாம். நம் ஊர்க் கரையானுக்கு அதைக் காட்டினால் பந்தி விரித்தது போலாகிவிடும்.

செலவில் இரண்டும் ஒன்றல்ல. நான்கு அங்குல ஜல்லிக் கலவைக்கு, சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 விகிதத்தில், ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 32 மூட்டை சிமென்ட் போதும், கம்பியே வேண்டாம். ஐந்து அங்குலத் தளத்துக்கு 95 மூட்டையும் ஏறக்குறைய ஒரு டன் கம்பியும் ஆகும். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் பலகை அடைப்புக்கு, அதாவது சென்ட்ரிங்குக்கு, கூலி தனி. கிராவல் மிச்சமாகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், கணக்கு நேராகாது. மேலூர் மண்ணில் இந்தச் செலவைச் செய்வது வீண் என்றே சொல்வேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கை அடுக்கடுக்காக இடிப்பதற்கும், இன்னொரு பங்கைக் கரையான் மருந்துக்கும் கொடுக்கலாம். ஜல்லி போடும் முன் நிரப்பிய மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் ஊற்ற வேண்டும் என்பது விதி. ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர், ஆக 465 லிட்டர். கைத்தெளிப்பானில் ஒரு டேங்க் அடித்துவிட்டுக் கையெழுத்துக் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: மண்ணை நிரப்பி, அதையே சென்ட்ரிங்காக வைத்து மேலே தளம் வார்ப்பது. நிரப்பிய மண் இறங்கும் என்ற பயம் மட்டுமே இருக்கும் இடத்தில் இது நல்ல யோசனை. மண் இறங்கினாலும் தளம் பீமில் நிற்கும். கரிசலில் இது இரட்டைச் செலவு. வெற்றிடம் இல்லாததால் உப்பல் நேராகத் தளத்தில்தான் முட்டும்.

எதுவானாலும் வானம் தோண்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மண் தரையில் வீட்டுச் சாமான்களின் பாரம் மண்ணோடு போய்விடும். தளம் போட்டால் தரையின் பாரம் முழுவதும் பீமுக்கும் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் இறங்கும். நான் முடிவு சொன்னபோது வரைபடம் தயாராகியிருந்தது. பொறியாளர் முகம் சுளித்தபடி பீம் கம்பியையும் அஸ்திவார அளவையும் மாற்றிப் போட்டார். பீமுக்கு அடியிலும் இடைவெளி விடச் சொன்னார்.

இரண்டரை அடி உயரத்துக்குள் தவழ்ந்துபோய்ப் பலகை கழற்ற ஆள் கிடைப்பது லேசல்ல. அதற்காகச் சாமான் அறையின் மூலையில் இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு திறப்பு விட்டோம். பலகைகள் வெளியேறிய பின்பும் அதை மூடவில்லை. போன மாதம் குளியலறைக் குழாய் கசிந்தபோது டைல்ஸை உடைக்காமல் அதன் வழியாகவே சரிசெய்தார்கள். மைத்துனர் வீட்டில் இதே கசிவுக்கு மூன்று டைல்ஸ் போயிற்று.

காற்றுப் போக சுற்றிலும் துளை விடுவது எனக்குத் தெரிந்திருந்தது; துளைக்குக் கம்பிவலை அடிக்கத் தோன்றவில்லை. முதல் மழைக்கே ஒரு பெருச்சாளிக் குடும்பம் அடியில் குடிவந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த கொத்தனார் கீழே கேட்ட சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மண்ணை அடைத்திருந்தால் இது வருமா அண்ணே?" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.