சுவிஸில் உறவுகளிடம் போகிறீர்களா: ரயில் பாஸா, அரைக்கட்டண அட்டையா?

சுவிஸில் இருக்கிற பிள்ளைகளிடமோ சகோதரங்களிடமோ ஒரு மாதம் போய் நிற்க விசா கிடைத்ததும் மட்டக்களப்பில் அடுத்து எழும் பேச்சு ரயில் பாஸ் பற்றியதுதான். 2024 கோடையில் நானும் மனைவியும் பேர்ணில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் புறப்படும்போது நாங்களும் இதைத் தேடினோம். கிடைத்த ஆலோசனை எல்லாம் ஹோட்டலில் தங்கி, நாளுக்கொரு ஊராகச் சுற்றுபவர்களுக்கானது. சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரிவுகள் மூன்று. நாடு முழுக்கச் செல்லும் சுவிஸ் ட்ரவல் பாஸ். ஒரு பிராந்தியத்துக்குள் மட்டும் செல்லும் பாஸ். பேர்ண் பக்கம் போகிறவர்களுக்கு அது பேர்ணர் ஓபர்லாண்ட் பாஸ். மூன்றாவது, வெளிநாட்டவருக்கான சுவிஸ் ஹாஃப் ஃபெயர் காட், அதாவது அரைக்கட்டண அட்டை. அங்குள்ள எங்கட சனம் சொல்கிற ‘ஹல்ப்டாக்ஸ்’தான் இது, ஆனால் ஒரு மாதத்துக்கானது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. இன்னொரு முறை போனாலும் அதையேதான் எடுப்பேன்.

ட்ரவல் பாஸின் வசதியை மறுக்க முடியாது. ரயில், பஸ், படகு, நகர ட்ராம் எல்லாம் அதில் அடங்கும், 500 அளவிலான அருங்காட்சியகங்களும் இலவசம். ரிக்கெற் பற்றிய நினைப்பே வேண்டாம், ஏறி இருந்தால் போதும். 2024 இல் இரண்டாம் வகுப்பில் 3 நாளுக்கு 244 பிராங்க், 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459. ஒரு பிராங்க் முந்நூறு ரூபாயைத் தாண்டி நின்ற காலம் அது. ஆளுக்கு ஒன்று என்று பெருக்கிப் பாருங்கள்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது ‘தொடர் நாள்’ என்ற நிபந்தனை. சாதாரண ட்ரவல் பாஸும் ஓபர்லாண்ட் பாஸும் தொடங்கிய நாளிலிருந்து இடைவிடாமல் ஓடி முடியும். நீங்கள் வீட்டில் இருந்தாலும் அன்றைய நாள் கழியும். சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறவருடைய நாள் அவருடைய கையில் இல்லை. இன்றைக்குத் தூண் (Thun) நகருக்குப் போகலாம் என்று வெளிக்கிட்டால், “அண்ணன், இண்டைக்கு மச்சாள் வாறா, நில்லுங்க” என்பார்கள். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் மருமகனுக்கு வேலை, கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. பிறகு ஊர்க்காரர் ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவார். வரமாட்டோம் என்று சொல்ல முடியுமா? இதெல்லாம் தொல்லையல்ல, போனதே இதற்காகத்தான். ஆனால் 8 நாள் பாஸ் எடுத்தவருக்கு அதில் பாதி நாள் இப்படியே போய்விடும். விட்டு விட்டுப் பாவிக்கக்கூடிய ஃபிளெக்ஸ் வகையும் இருக்கிறது, விலை இன்னும் கூட.

ஹாஃப் ஃபெயர் காட் 2024 இல் 120 பிராங்க். ஒரு மாதம் முழுக்க ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். நாங்கள் வீட்டில் இருந்த நாட்களுக்கு அது எதையும் தின்னவில்லை. பேர்ணிலிருந்து சூரிச்சுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஒரு வழி முழுக்கட்டணம் ஐம்பது பிராங்கைத் தாண்டும். அதில் பாதி என்பது சின்னத் தொகையல்ல.

இந்த அட்டையோடு சேர்த்து அறிய வேண்டியது சேவர் டே பாஸ். அந்த ஒரு நாள் நாடு முழுக்க எங்கும் போய்வரலாம். 2024 இல் ஹாஃப் ஃபெயர் காட் உள்ளவருக்கு 29 பிராங்கிலிருந்து, இல்லாதவருக்கு 52 இலிருந்து விலை தொடங்கியது. ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கலாம். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். இப்போது கூட்டிப் பாருங்கள். 8 நாள் ட்ரவல் பாஸின் 419 இல் காட்டின் 120 போக மிச்சம் 299. அதில் 29 பிராங்க் விலையில் பத்து சேவர் டே பாஸ்கள் வாங்கலாம், அதுவும் அந்த மாதத்துக்குள் விரும்பிய திகதிகளில்.

ஆனால் திகதி குறித்து வாங்கிய சேவர் டே பாஸை மாற்ற முடியாது, காசும் திரும்பாது. அதனால் எல்லா நாளுக்கும் அதை வாங்கி வைக்கக்கூடாது. சாமத்திய வீடு, கலியாணம், கோயில் தேர் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே நாள் வைத்த பயணங்களுக்கு மட்டும் வாங்குங்கள். அங்குள்ள எங்கட கொண்டாட்டங்கள் பெரும்பாலும் மண்டபம் எடுத்து, சனிக்கிழமை பார்த்து, வெகு முன்பே முடிவாகிவிடும். மற்ற நாட்களுக்கு அன்றன்று அரை ரிக்கெற் போதும்.

மலைக் கணக்கில் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. எங்கட ஆட்கள் பனியைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள், அதுவும் 3,454 மீற்றர் உயர யுங்ஃபிரவ்யோக் மலை ரயில் நிலையத்தில் நின்று ஒரு படம் எடுக்காமல். அந்த ரயிலுக்கு ட்ரவல் பாஸ் மேல்பகுதியில் 25 வீதம் மட்டுமே குறைக்கிறது. மலிவான ஹாஃப் ஃபெயர் காட்டோ 50 வீதம். மறுபக்கம், ரிகி, ஸ்டான்சர்ஹோர்ன் மலைகள் ட்ரவல் பாஸில் முழுக்க இலவசம்.

ஓபர்லாண்ட் பாஸைப் பற்றிக் கொஞ்சம். 3 நாள் முதல் 10 நாள் வரை கிடைக்கும். இன்டர்லாகன், கிரிண்டல்வால்ட், தூண், பிரியன்ஸ் ஏரிப் படகுகள், நீசன், ஷினிகே பிளாட்டே மலை ரயில்கள் எல்லாம் அதற்குள். மலையையும் ஏரியையும் மட்டும் பார்க்க வந்து, தூணிலோ இன்டர்லாகனிலோ தங்குகிற இளம் சோடிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஹாஃப் ஃபெயர் காட் இருந்தால் இந்தப் பாஸின் விலையும் குறையும். ஆனால் அதன் எல்லை சூரிச், பாசல், ஜெனீவா பக்கம் போகாது. எங்கட சொந்தங்கள் இந்த ஊர்களில் எல்லாம் சிதறி இருக்கிறார்கள். பெரியம்மா வீடு ஒரு பக்கம், மாமி வீடு இன்னொரு பக்கம் என்று இருப்பவருக்குப் பிராந்தியப் பாஸ் பாதி வழியோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் நாங்கள் போகவில்லை. சில மலை ரயில்கள் அப்போது ஓடாது என்பதால், அந்தக் காலத்தில் போகிறவர்கள் இதை எடுக்க முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு போனால் ட்ரவல் பாஸுக்கும் ஹாஃப் ஃபெயர் காட்டுக்கும் இலவசமாக ஃபமிலி காட் கேளுங்கள். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் காசில்லாமல் வரலாம். தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். அம்மம்மாவோ மாமாவோ கூட்டிப்போனால் அது செல்லாது.

தங்கச்சியிடம் ஹல்ப்டாக்ஸ் இருக்கிறது, அதைக் கொண்டு போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது பெயரும் படமும் உள்ள அட்டை, மற்றவர் பாவிக்க முடியாது. பேர்ணில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நகர பஸ், ட்ராம் இலவச ரிக்கெற் கொடுக்கிறார்கள். வீட்டில் தங்குகிறவருக்கு அது இல்லை. ஒய்ரோப்பாபிளாட்ஸில் உள்ள கோயிலுக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்துக்கும் அரைக்கட்டணம் உதவியது.

ஹாஃப் ஃபெயர் காட்டை இங்கிருந்தே இணையத்தில் வாங்கலாம். விலை ஆண்டுக்காண்டு மாறுவதால் அன்றைய விலையைப் பாருங்கள். ரயிலில் சோதகர் வந்தால் கடவுச்சீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். தொடக்கத் திகதியாக நீங்கள் இறங்கும் நாளையே போடுங்கள்: சூரிச் விமான நிலையத்திலிருந்து பேர்ணுக்குப் போகும் முதல் பயணத்திலேயே காட்டின் 2024 விலையில் கிட்டத்தட்டக் கால்பங்கு திரும்பி வந்துவிடும்.