128 என்று எழுதிய பேட்டரி ட்ரில்: பழைய செட்டைக் கொடுத்து மாற்றும் முன் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் மரவேலை செய்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பேட்டரி மெஷின் இல்லாமல் வேலை ஓடாது. பல வீடுகள் பூட்டிக் கிடப்பவை, கரண்ட் இருக்காது. இருந்தாலும் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை வயர் இழுப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஆறு வருடமாக ஒரு 18 வோல்ட் செட் வைத்திருந்தேன். ட்ரில், வட்ட ரம்பம், சார்ஜர், இரண்டு பேட்டரி. மெஷினில் ஒரு குறையும் இல்லை, பேட்டரியில்தான் சார்ஜ் நிற்கவில்லை. பேட்டரி மட்டும் வாங்குவதா, புது செட்டுக்கே மாறுவதா என்று கேட்கத்தான் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணே, அந்த மாடல் நின்னு போச்சு, இனி பேட்டரி வராது. பழசைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கங்க. 128 வோல்ட்டு, பிரஷ்லெஸ்" என்றார் கடைக்காரர். பழைய செட்டுக்கு 2,000 கழித்து 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு. நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கீல் மாற்றும் வேலை. காய்ந்து இறுகிய பர்மா தேக்கு நிலை. ஏழெட்டு ஓட்டையிலேயே ட்ரில் திணறியது, இருபதாவது ஸ்க்ரூவில் நின்றுவிட்டது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே பொறி பறக்கிறது. பிரஷ்லெஸ் மோட்டாரில், உரசிக்கொண்டே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ்ஷே கிடையாது, அப்படிப் பொறி வரவே வராது.

முழு சார்ஜில் மீட்டர் வைத்தேன். 20.6 வோல்ட். லித்தியம் செல் ஒன்று நிரம்பினால் 4.2 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 21. அதே செல்லைச் சராசரியாக 3.6 என்று கணக்கிட்டால் 18. ஆக 18, 20, 21 என்று எழுதி விற்பதெல்லாம் ஒரே அளவுதான். பெட்டியில் 128-க்குப் பக்கத்தில் 'விஎஃப்' என்று இருந்தது. அது வோல்ட் கணக்கே இல்லை, வெறும் மாடல் பெயர். அப்புறம் பேட்டரியைத் திறந்தேன். பத்து செல்லுக்கு இடம், இருந்தது ஐந்து. தராசில் 350 கிராம். இந்த மாதிரிப் பேட்டரியில் வழக்கமாக வரும் 18650 என்ற உருளை செல் பத்து இருந்தால் செல் மட்டுமே 450 கிராம் வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண், 'ஆர்' என்று தொடங்குமே, அதுவும் இல்லை.

மதுரையில் என் பழைய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். அந்தப் பேட்டரி இன்றும் தயாராகிறது. பேட்டரி மட்டும் வாங்கியிருந்தால் போதும், வயிறு எரிகிறது. பெரிய கம்பெனிகள் பேட்டரி வரிசையை லேசில் கைவிடுவதில்லை. மகிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005-ல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். அவர்களுடைய 40 வோல்ட் மெஷினில் அந்தப் பேட்டரி சேராது என்பதையும் கவனியுங்கள். அப்படி மாறினால் பேட்டரியெல்லாம் புதிதாக வாங்க வேண்டும்.

திரும்பக் கடைக்குப் போனால், "சீட்டுல வாரண்டி எங்க இருக்கு?" என்கிறார். சரி, என் பழைய செட்டையாவது கொடுங்கள் என்றேன். வித்தாச்சு என்றார். ஜிபே-யில் பணம் அனுப்பிய பதிவு இருக்கிறது, அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன்.

நேற்று அந்த வழியாகப் போனபோது என் ரம்பம் அதே கடை அலமாரியில் இருந்தது. கைப்பிடியில் நான் சுற்றிய கறுப்பு டேப்கூடப் பிரிக்கவில்லை. விலை 4,500. போட்டோ எடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.