ஓட்டோ மெலாரா 105 மி.மீ. மாடல் 56: மலைப் பீரங்கி மதிப்புரை

105 மி.மீ. குண்டை வீசும் முழு ஹோவிட்சர் (குண்டை உயரத் தூக்கி வளைவாக வீசும் பீரங்கி), மொத்த எடை 1,290 கிலோ. இத்தாலியின் ஓட்டோ மெலாரா நிறுவனம் தன் நாட்டு மலைப் படைக்காக 1950-களில் உருவாக்கிய இந்தப் பீரங்கியின் பெருமை முழுக்க அந்த எடையில்தான். தொல்லைகளும் அங்கிருந்தே வருகின்றன.

இதற்கு முந்தைய மலைப் பீரங்கிகளோடு ஒப்பிட்டால் அருமை புரியும். பிரிட்டிஷ் இந்தியப் படை வைத்திருந்த 3.7 இன்ச் ஹோவிட்சர் எட்டுக் கோவேறு கழுதைகளில் ஏறும். ஆனால் குண்டு 9 கிலோ, வீச்சு ஐந்தரை கிலோமீட்டருக்குள். 1944-இல் ஜப்பானியர் கோஹிமாவை முற்றுகையிட்டபோது, பக்கத்து ஜோட்சோமாவிலிருந்து அங்கிருந்த காவல் படையைத் தாங்கிப் பிடித்தது அதுதான். அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவே முடியாது. அமெரிக்காவின் 75 மி.மீ. எம்1 ஆறு கழுதைகளில் போகும், கிட்டத்தட்ட 8.8 கிலோமீட்டர் வீசும். குண்டு ஏழு கிலோகூட இல்லை. மாடல் 56 வீசுவதோ வழக்கமான அமெரிக்க 105 மி.மீ. குண்டு: 15 கிலோ, பத்தரை கிலோமீட்டர். மலைப் படைக்கென்று தனிக் குண்டு செய்ய வேண்டியதில்லை, நேச நாட்டுக் கிடங்கில் இருப்பதே போதும். இத்தனை நாடுகள் இதை வாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கழற்றினால் 12 சுமைகள். அதிகக் கனமானது சுமார் 120 கிலோ. பின்னால் நீட்டி ஊன்றும் கால்கள் மடங்கும், கேடயம் தனியாக வந்துவிடும். ஏற்றும் வரிசையில் கவனம் தேவை: வண்டிப் பகுதியும் குழல் தாங்கியும் முதலில் வந்து சேராவிட்டால், குழலைத் தரையில் கிடத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மண்ணில் கிடந்த குழலின் பொருத்து முகங்களில் மணல் ஒட்டும். துடைக்காமல் பூட்டினால் இணைப்பில் ஆட்டம் விழும். நாலைந்து குண்டுக்குள் குறி நகர்ந்துவிடும். ஆகவே பூட்டி முடித்ததும் குழலின் நேர்கோட்டையும் குறிநோக்கியையும் ஒத்துப் பார்க்காமல் முதல் குண்டைப் போடக் கூடாது.

சக்கர அச்சைத் திருப்பி வண்டியின் உயரத்தை மாற்றும் ஏற்பாடு நல்ல வேலைப்பாடு. உயர்ந்த நிலையில் குழலை 65 பாகை வரை தூக்கலாம்; செங்குத்தான முகட்டுக்குப் பின்னால் குண்டை இறக்க இது அவசியம். தாழ்ந்த நிலை டாங்கிகளை நேராகச் சுடுவதற்கு. அங்கே 25 பாகைக்கு மேல் தூக்க முடியாது, ஆனால் பக்கவாட்டில் கூடுதலாகத் திரும்பும்.

இனி பின்னுதைப்பு. 15 கிலோ குண்டு விநாடிக்கு 416 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குண்டின் உந்தத்தை மட்டும் பீரங்கி எடையால் வகுத்தால், முழுப் பீரங்கிக்கும் விநாடிக்கு 4.8 மீட்டர் பின்வேகம். இதே குண்டை வீசும் அமெரிக்க எம்101-இன் எடை 2,260 கிலோ. அது குண்டை இன்னும் வேகமாக அனுப்பியும் கணக்கு 3.1 மீட்டரோடு நின்றுவிடுகிறது. குழல்வாய்த் தடுப்பும் பின்னுதைப்புத் தாங்கியும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சம் கால்களுக்கும், அவற்றின் நுனியில் தரையில் இறங்கிப் பிடிக்கும் மண்வெட்டிகளுக்கும் வரும். பாறைத் தரையில் மண்வெட்டி இறங்காது, பீரங்கி துள்ளும், ஒவ்வொரு குண்டுக்கும் குறியைத் திரும்பப் பிடிக்க வேண்டும். மண்மூட்டை அடுக்கி முட்டுக் கொடுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு முட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டி முறுக்கிக்கொள்ளும். குழல்வாய்த் தடுப்பு வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளுவதால் குழுவினருக்குக் காதுக் காப்பு கட்டாயம். முன்னால் உள்ள மண்ணையும் நனைத்துவிடுங்கள், இல்லையென்றால் எழும் புழுதியே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெலிந்த உடம்பு இடைவிடாமல் சுடுவதற்கு ஏற்றதல்ல. வியட்நாமுக்கு ஆஸ்திரேலியர்கள் முதலில் கொண்டுபோனது இதைத்தான். ஓயாமல் சுடுவது இதற்கு ஒத்துவரவில்லை, பின்னர் கனமான அமெரிக்க எம்2ஏ2-வுக்கு மாறினார்கள். ஏழாம் சார்ஜை, அதாவது முழு அளவு வெடிமருந்தை, தேவைப்படும் இலக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டால் வண்டிக்கு ஆயுள் கூடும். உறைக்குள் இருக்கும் மருந்துப் பைகளில் வேண்டாதவற்றைக் கணக்குப் பார்த்து எடுத்துவிட்டுச் சுடுவது சோம்பல் பார்க்கக் கூடாத வேலை.

1960-களில் போர்னியோவில் பிரிட்டிஷார் இதை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, எல்லை முகாம்களுக்கு ஒவ்வொரு பீரங்கியாகக் கொண்டுபோனார்கள். இந்த மாதிரி வேலைக்கு அன்று இதைவிடப் பொருத்தமான பீரங்கி கிடையாது. எதிரியிடம் நீண்ட வீச்சு இருந்தால் நிலைமை தலைகீழ். 1982-இல் பாக்லாந்தில் அர்ஜென்டினர்கள் மாடல் 56 வைத்திருந்தார்கள். எதிரே பிரிட்டனின் எல்118. 1,860 கிலோ எடை, 17 கிலோமீட்டருக்கு மேல் வீச்சு. 570 கிலோ கூடுதல் எடைக்குக் கிடைத்தது ஆறரை கிலோமீட்டருக்கும் மேல். ஹெலிகாப்டர் உள்ள படைக்கு அந்தக் கூடுதல் எடை பெரிய தடையே அல்ல. எல்118-ஐத்தான் எடுக்க வேண்டும். சாலையும் ஹெலிகாப்டரும் எட்டாத மலைக்கு மாடல் 56.

அங்கேயும் குண்டுக் கணக்கை முதலில் போடுங்கள். உறையோடு ஒரு ரவுண்டு 18 கிலோவுக்கு மேல். கழுதைக்கு நான்கு வீதம் ஏற்றினால், பீரங்கி சுமக்கும் கழுதைகள் போக, நூறு ரவுண்டுக்கு மட்டும் 25 கழுதைகள் வேண்டும்.