புத்தகத்தை எடிட்டிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அரூர் வட்டாரத்து நடுகற்களைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் புத்தகத் திருவிழாவுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று தருமபுரியில் ஒருவரிடம் எடிட்டிங்குக்குக் கொடுத்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் வேண்டாம். நம் மாவட்டத்தில் ஊர் வரலாறு, குலதெய்வக் கதை, பணி ஓய்வு நினைவுகள் என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

210 பக்கம், பக்கத்துக்கு 60 ரூபாய், பாதி முன்பணம். “மெய்ப்பு, மொழி, உள்ளடக்கம் எல்லாமே இந்த ரேட்லயே வந்துடும் ஐயா. விருது வாங்க வேண்டிய புத்தகம் இது” என்றார். எந்த அத்தியாயம் எங்கே வர வேண்டும், எது தேவையில்லை என்று பார்ப்பது ஒரு வேலை. வாக்கியத்தையும் சந்தியையும் சரிசெய்வது வேறு வேலை. மெய்ப்பு பார்ப்பதோ, அதாவது அச்சுப் பிழை திருத்துவதோ, பக்க வடிவமைப்பெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்பவர் ஒன்றையும் செய்யப்போவதில்லை.

கோப்பு திரும்பி வந்தது. நான் வெறுமனே ‘கல்’ என்று எழுதிய இடங்களில் ‘நடுகல்’ என்று போட நினைத்திருக்கிறார் போல. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஒரே தட்டு! கல்வெட்டு ‘நடுகல்வெட்டு’ ஆகிவிட்டது. கல்லூரி ‘நடுகல்லூரி’. ஏற்கெனவே சரியாக இருந்த நடுகல் ‘நடுநடுகல்’. ஓர் அத்தியாயம் “ஒருநாள் நண்பநடுகல் வேளையில்” என்று தொடங்குகிறது. எழுதியவன் நான், எனக்கே அது என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்தது அப்படியில்லை. இந்தப் பக்கத்து நடுகற்களில் ஏராளமானவை மாட்டு மந்தையைக் கவரவும் மீட்கவும் நடந்த சண்டைகளில் இறந்த வீரர்களுக்கு எடுத்தவை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருப்பார்கள். மந்தையை மீட்டு உயிர்விட்டான் என்று பொருள். மேற்கோள் குறிக்குள் இருந்த அந்த வாசகத்தைத் ‘தெரு மீட்டுப் பட்டான்’ என்று திருத்தி வைத்திருக்கிறார். கல்லில் வெட்டியவனுக்கே பிழை போட்டுவிட்டார் மனுஷன்.

ஃபோன் செய்தால், “சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுக்கும் சார். மீதிப் பணத்தைப் போடுங்க, சரிபண்ணிடலாம்” என்கிறார். கூடவே புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாக 3,500 ரூபாய் கேட்டார். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் கொடுக்கிறது. எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகுதான் இவரிடம் இனி பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் நாலைந்து பக்கம் திருத்தித் தரச் சொல்லிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டாம், அதை நாமே பத்துத் தடவை இழைத்திருப்போம். நடுவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். டிராக் சேஞ்சஸ் போட்டுத்தான் திருத்த வேண்டும், எதை மாற்றினார் என்பது தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், ஓரத்தில் கேள்வி கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ‘இந்த ஊர் முன்னால் வேறு வட்டத்தில் வந்ததே, எது சரி?’ என்று கேட்பவர்தான் படித்திருக்கிறார். என் 210 பக்கத்தில் ஒரு கேள்விகூட இல்லை. பணத்தையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுங்கள், வேலை தெரிந்தவர் முறைக்க மாட்டார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எடிட்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் பில் இல்லை. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கையில் இருக்கின்றன. பணம் அனுப்பும்போதே எந்த வேலைக்கு, எத்தனை பக்கத்துக்கு என்று குறிப்பில் ஒரு வரி போட்டு அனுப்புங்கள்.