உருளை இலைக்கு மரபணு வரிசைப் பரிசோதனை: காசுக்குத் தேறியதா?

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் விதைக்கென்று விட்டிருந்த குப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கில் பத்துப் பதினைந்து செடிகளின் அடியிலை மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் காகிதம் மாதிரி சரசரத்தது. எலிசா சோதனையில் இலைச்சுருள் வைரஸ் என்று வந்தது. சரி, ஆனால் நுனியிலையில் திட்டுத்திட்டாக வெளிறியிருந்த தேமல் எதனால்? எலிசாவில் எந்த வைரஸுக்கு ஆன்டிபாடி (அந்த வைரஸைப் பிடிக்கும் புரதம்) போடுகிறோமோ அது மட்டும்தான் சிக்கும்.

அதனால் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு இலையை அனுப்பினேன். இலையிலுள்ள ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தி மூலக்கூறைப் படித்து, செடியுடையதைக் கழித்து, மிச்சத்தைத் தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடுகிறார்கள். இலைச்சுருளோடு ஒய், எஸ் என்ற வேறு இரண்டு உருளைக்கிழங்கு வைரஸ்களும் ஒளிந்திருந்தன! ஒய் வைரஸின் மரபணுத் தொடர், சுமார் 9,700 எழுத்து, ஏறக்குறைய முழுசாகக் கிடைத்ததால் அதில் எந்த வகை என்றும் சொல்லிவிட்டார்கள். இதற்கு முழு மதிப்பெண்.

எரிச்சலும் உண்டு. முதல் பார்சல் ஐஸ் உருகிப் போய்ச் சேர, ஆர்என்ஏ சிதைந்துவிட்டது. குளிரில் அனுப்பச் சொன்னவர்கள் எப்படிக் கட்டுவது என்று சொல்லவே இல்லை. அப்புறம் அந்த அறிக்கை! பக்கம் பக்கமாக வரைபடம். எனக்கு வேண்டியதோ ‘இதை விதைக்கு எடுக்காதீர்கள்’ என்ற ஒரே வரி. போனில் பொறுமையாக விளக்கிய பெண்ணால் பிழைத்தேன்.

செலவு எலிசாவைப் போலப் பல மடங்கு. சந்தைக்குப் போகும் கிழங்குக்கு வேண்டாம். தாய் விதைக்கு மட்டும் அடுத்த போகத்திலும் கொடுப்பேன், இந்த முறை தெர்மோகோல் பெட்டியில்.